புற்றுநோயும் டிமென்ஷியாவும்: திருகோணமலைக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புற்றுநோய்க் கிளினிக்குக்குப் போய்வரும் பெரியவர் ஒருவர் மறக்கத் தொடங்கினால் வீட்டில் இரண்டு பேச்சு எழும். "வயசு போச்சு, அறளை பெயருது" என்பது ஒன்று. "கீமோ ஏத்தினா அப்படித்தான்" என்பது மற்றது. இரண்டுமே விசாரணையை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுகின்றன. மறதிக்குப் பின்னால் மாற்றக்கூடிய காரணம் ஏதும் இருக்கிறதா என்று தேடுவதற்கு உதவியாகக் கீழே உள்ள பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

புற்றுநோய் வந்தவருக்கு அல்சைமர் வராது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா?

பாதி உண்மை. புற்றுநோயிலிருந்து மீண்டவர்களிடம் அல்சைமர் (டிமென்ஷியா எனும் மறதி நோயின் மிகப் பொதுவான வகை) சற்றுக் குறைவாகக் காணப்படுகிறது. வரவே வராது என்பது பொய்.

அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் நகரில் 1948 முதல் நடந்துவரும் இதய ஆய்வில் 65 வயதைத் தாண்டிய 1,278 பேரைச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் கவனித்தார்கள். 2012 இல் வெளிவந்த முடிவின்படி, புற்றுநோய் வந்து மீண்டவர்களுக்கு அல்சைமர் வரும் வாய்ப்பு 33 வீதம் குறைவு. வட இத்தாலியில் 60 வயதுக்கு மேற்பட்ட சுமார் இரண்டு இலட்சம் பேரின் பதிவுகளை வைத்து 2013 இல் வந்த ஆய்வு 35 வீதம் என்றது. 2020 இல் 22 ஆய்வுகளை, அதாவது 96 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது அந்தக் குறைவு 11 வீதமாகச் சுருங்கியது.

11 வீதம் என்றால் எவ்வளவு? ஒரு வயதுக் குழுவில் 100 பேரில் 10 பேருக்கு அல்சைமர் வரும் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்து ஒன்பதாகிறது. அவ்வளவுதான். ஒரு தனி மனிதருக்கு அதில் நம்பியிருக்க ஒன்றும் இல்லை.

இன்னொன்றையும் அந்தச் செய்திகள் சொல்வதில்லை. இந்தக் குறைவு அல்சைமருக்குத்தான். மூளையின் இரத்தக் குழாய்கள் பழுதாகி வரும் டிமென்ஷியாவில் இப்படியொரு பாதுகாப்புத் தெளிவாகக் காணப்படவில்லை. சீனி வருத்தமும் பிறஷரும் சேர்ந்திருப்பவர்கள் பயப்பட வேண்டியது அந்த வகைக்கு.

அந்தக் குறைவுக்குக் காரணம் என்ன?

ஒரு பகுதி கணக்கின் கோளாறு. 70 வயதில் புற்றுநோயால் இறந்தவர் 80 வயதில் அல்சைமர் வரும்வரை இருப்பதில்லை. உயிரோடு இருப்பவர்களிலும் மறதியைச் "சிகிச்சையின் களைப்பு" என்று எழுதிவிட்டால் அது டிமென்ஷியாவாகப் பதிவாகாது. இவற்றைத் திருத்திக் கணக்கிட்டால் குறைவு சிறிதாகிறது. ஆனால் முழுதாக மறைவதில்லை.

மீதிக்கு உயிரியல் விளக்கம் தேடுகிறார்கள். புற்றுக்கலம் சாக வேண்டிய நேரத்தில் சாக மறுக்கிறது. அல்சைமரில் நரம்புக்கலம் சாகக் கூடாத நேரத்தில் சாகிறது. பின்1 என்ற நொதியம் பல புற்றுகளில் அளவுமீறி வேலை செய்கிறது, அல்சைமர் மூளையில் அடங்கிப்போகிறது. கலத்தைச் சாகத் தூண்டும் பி53 புரதத்தின் கதை இதற்கு நேர்மாறு. ஆராய்ச்சிக்கு இது நல்ல தடயம். கிளினிக்கில் எழுதித் தரும் மருந்தாக இது இன்னும் மாறவில்லை.

டிமென்ஷியா உள்ளவருக்குப் புற்றுநோய் குறைவாக வருமா?

பதிவுகளில் குறைவுதான். ஆனால் கட்டியைச் சொல்லத் தெரியாதவர், ஸ்கேனுக்கு அசையாமல் படுக்க முடியாதவர், பரிசோதனைக்கே கூட்டிப் போகப்படாதவர் என்று பலர் கண்டுபிடிக்கப்படாமலே போகிறார்கள். குளிப்பாட்டும்போது மார்பு, கழுத்து, வாயின் உட்புறம் மூன்றையும் பார்க்கும் வழக்கம் இருந்தால் போதும். மூன்று வாரம் ஆறாத வாய்ப்புண், மலத்தில் இரத்தம், காரணமில்லாத மெலிவு ஆகியவற்றைக் "கிழவி ஒழுங்காச் சாப்பிடுறதில்லை" என்று தள்ளிவிடாதீர்கள்.

அம்மாவுக்கு மார்புப் புற்றுநோய்க்குக் கீமோ முடிந்து நாலு மாதம். அடுப்பில் வைத்ததை மறக்கிறா, சொல் வாயில் வருகுதில்லை என்கிறா. டிமென்ஷியாவா?

பெரும்பாலும் இல்லை. கீமோவுக்குப் பிறகு வரும் இந்த மந்தம் நன்கு அறியப்பட்டது. சொல் தேடுதல், ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்க முடியாமை, படித்த பந்தியைத் திரும்பப் படித்தல், யோசனை மெதுவாதல் என்பன இதன் முகம். பலருக்குச் சிகிச்சை முடிந்து 6 முதல் 12 மாதத்துக்குள் தேறிவிடும். ஒரு பகுதியினருக்கு ஆண்டுக்கணக்கில் மெல்லியதாக நீடிக்கும்.

டிமென்ஷியாவிலிருந்து பிரித்தறிய மூன்று விடயங்களைக் கவனியுங்கள். முதலாவது, திசை: கீமோ மந்தம் மாதம் போகப் போகக் குறையும் அல்லது அப்படியே நிற்கும், டிமென்ஷியா கூடிக்கொண்டே போகும். இரண்டாவது, குறிப்புக் கொடுத்தால் என்ன நடக்கிறது: "நேற்று யார் வந்தது, சின்னக்காதானே" என்று எடுத்துக்கொடுத்தால் கீமோ மந்தம் உள்ளவருக்கு நினைவு வந்துவிடும். அல்சைமரில் அந்த நிகழ்வே பதிந்திருக்காது. மூன்றாவது, யார் முறையிடுகிறார்: கீமோ மந்தத்தில் நோயாளியே வந்து முறையிடுவார். அல்சைமரில் பெரும்பாலும் வீட்டார் முறையிடுவார்கள், அவரோ "எனக்கொண்டுமில்லை" என்பார்.

இதற்கென்று நிரூபணமான குளிசை கிடையாது. உதவுவது நடை. வாரம் 150 நிமிடம், அதாவது நாளுக்கு அரை மணித்தியாலம் வீதம் ஐந்து நாள். தொடக்கத்தில் பத்து நிமிடம் போதும். உட்துறைமுகக் கரையோ வீட்டு முற்றமோ, வெயில் ஏறமுன் நடந்தால் சரி. நித்திரையும் இரத்தசோகையும் மனச்சோர்வும் சரிசெய்யப்படாமல் மூளைப் பயிற்சி மட்டும் கொடுத்துப் பயனில்லை.

மனச்சோர்வுக்கு மருந்து எழுதப்பட்டால், மார்புப் புற்றுக்கான தமொக்சிஃபென் குளிசை எடுப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஃபுளுவொக்செட்டின், பரொக்செட்டின் இரண்டும் தமொக்சிஃபெனை உடல் செயற்படு பொருளாக மாற்றும் வழியை அடைத்துவிடும். வேறு தெரிவுகள் இருக்கின்றன.

நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று ஆளையே மாற்றிச் சொல்கிறார். என்ன செய்வது?

இது டிமென்ஷியா அல்ல. மணித்தியாலங்களில் அல்லது ஓரிரு நாளில் வரும் குழப்பம் வேறு வருத்தம். அதற்குப் பின்னால் உடலில் ஏதோ நடக்கிறது. சிலர் கத்திக் கிளம்புவார்கள். சிலர் பேசாமல் சுருண்டு கிடப்பார்கள். இந்த இரண்டாம் வகையை "நல்லா நித்திரை கொள்ளுறார்" என்று விட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

முதலில் வெப்பமானி. கீமோ ஏற்றி 7 முதல் 14 நாள் வரை வெண்குருதிக் கலங்கள் அடிமட்டத்தில் இருக்கும். அப்போது 38 பாகை காய்ச்சல் என்றால் அது அவசரம். பரசிற்றமோல் கொடுத்துவிட்டு விடியும்வரை காத்திருக்கக் கூடாது, அது காய்ச்சலை மறைக்கும், தொற்றைக் குணப்படுத்தாது. முதியவருக்குக் காய்ச்சல் வரமுன்பே குழப்பம் வந்துவிடலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். அடுத்தது சீனி: வீட்டில் குளுக்கோமீற்றர் இருந்தால் குத்திப் பாருங்கள். டெக்சமெதசோன் என்ற ஸ்டெரொயிட் மருந்து எடுப்பவருக்குச் சீனி ஏறும். சாப்பிடாமல் சீனிக் குளிசை எடுத்தவருக்கு இறங்கும். பிறகு சிறுநீர் போனதா, மலம் எத்தனை நாளாகப் போகவில்லை, புதிதாக என்ன மருந்து தொடங்கியது என்று பாருங்கள்.

பக்கவாத அறிகுறி (முகம் கோணுதல், ஒரு கை விழுதல், பேச்சுக் குழறல்), வலிப்பு, எழுப்ப முடியாத மயக்கம் என்றால் எதையும் பார்த்துக்கொண்டு நிற்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். கட்டணம் இல்லை. இரத்தக்கட்டியால் வரும் பக்கவாதத்தில் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான நேரம், அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணித்தியாலம். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைத்தான் வைத்தியசாலையில் முதலில் கேட்பார்கள்.

வைத்தியசாலையில் பார்க்க வேண்டிய இரத்தப் பரிசோதனைகளில் சோடியமும் கல்சியமும் தவறக் கூடாது. சுவாசப்பைப் புற்று சோடியத்தை இறக்கும். மார்பு, சுவாசப்பை, எலும்பு மச்சைப் புற்றுகள் கல்சியத்தை ஏற்றும்: தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், பிறகு குழப்பம் என்று வரிசையாக வரும். சேலைனும், எலும்பிலிருந்து கல்சியம் கரைவதைத் தடுக்கும் ஊசியும் கொடுத்தால் சில நாளில் ஆள் பழையபடி கதைக்கத் தொடங்குவார். ஊரே அறளை என்று தீர்மானித்த பிறகும்கூட.

குடிப்பழக்கம் உள்ளவர் சத்திரசிகிச்சைக்காக வார்டில் சேர்ந்து இரண்டாம் மூன்றாம் நாளில் குழம்பினால் அது சாராயம் திடீரென்று நின்றதன் விளைவாக இருக்கலாம். வெட்கப்படாமல் நாளொன்றுக்கு எவ்வளவு என்று சேரும்போதே சொல்லிவிடுங்கள். இவருக்கும், வாரக்கணக்கில் சத்தியெடுத்தவருக்கும், குளுக்கோஸ் ஏற்றமுன் தயமின் (விற்றமின் பி1) ஊசி போக வேண்டும். இல்லாவிட்டால் நினைவாற்றல் நிரந்தரமாகப் பழுதாகலாம்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் நீரிழப்பு ஒன்றே போதும் ஒரு முதியவரைக் குழப்ப. இதயமோ சிறுநீரகமோ பழுதாகி நீர் குறைக்கச் சொல்லியிராவிட்டால் நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லீட்டர் உள்ளே போக வேண்டும். மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு இரவுப் பயணம் போகும்போது "வழியில் இறங்க ஏலாது" என்று தண்ணீரை நிறுத்துவது பலரின் வழக்கம். அதை விடுங்கள்.

ஐயாவுக்கு வாய்ப் புற்றுநோய்க்குக் கழுத்தில் கதிர் கொடுத்து ஆறு வருடம். புற்று இல்லை என்கிறார்கள். ஆனால் மந்தமாக இருக்கிறார்.

எங்கள் பக்கத்தில் அதிகம் கேட்கப்பட வேண்டிய கேள்வி இதுதான். இலங்கை ஆண்களிடம் முதலிடத்தில் இருப்பது வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, புகையிலைதான் பெரும் காரணம். ஆறேழு வாரம் கழுத்துக்குக் கதிர் பெற்றவருக்கு, புற்று போன பிறகும் மூளையை மந்தமாக்கும் நான்கு வழிகள் திறந்தபடி இருக்கின்றன.

தைரொயிட் சுரப்பி கதிரின் பாதையில் இருப்பதால் மெல்ல மெல்லச் செயலிழக்கும். சோம்பல், குளிர் தாங்காமை, மலச்சிக்கல், குரல் தடித்தல், மறதி என வரும். 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை டிஎஸ்எச் எனும் தைரொயிட் இரத்தப் பரிசோதனை, வாழ்நாள் முழுவதும். சுரப்பு குறைந்தால் தைரொக்சின் குளிசை, காலையில் வெறும்வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன். கல்சியம், இரும்புச்சத்துக் குளிசைகளிலிருந்து நாலு மணித்தியாலம் தள்ளி. புற்றுநோய்க் கிளினிக் தவணை ஆண்டுக்கு ஒன்றாக நீண்டதும் இந்தப் பரிசோதனை கைநழுவிப் போகிறது.

கழுத்தின் பெரு நாடிகள் கதிரால் உட்புறம் தடித்து ஒடுங்கலாம். இது ஆண்டுகள் கழித்து வரும். பக்கவாதத்துக்கும் இரத்தக்குழாய் டிமென்ஷியாவுக்கும் பாதை போடும். ஒரு கண் சில நிமிடம் இருண்டு தெளிந்தது, ஒரு கை சற்று நேரம் மரத்தது என்று சொன்னால் கழுத்து டொப்ளர் ஸ்கேன் கேளுங்கள். பிறஷர், கொலஸ்திரோல், சீனி மூன்றையும் மற்றவர்களைவிட இறுக்கமாகப் பிடிக்க வேண்டும்.

சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏற்றியிருந்தால் மூன்றாவது வழி காது. உயர்ந்த ஒலிகள் முதலில் போகும்; பேச்சுக் கேட்கும், சொல் விளங்காது. கேட்டதற்குப் பொருந்தாத பதில் வந்தால் வீட்டார் மறதி என்று எண்ணிவிடுவார்கள். கேள்திறன் பரிசோதனை செய்து பார்த்துவிட்டுப் பேசுங்கள். கேள்குறைவு டிமென்ஷியாவுக்கே ஒரு காரணி என்பதால் செவிக்கருவி இங்கே இரட்டை இலாபம்.

நான்காவது, விழுங்க முடியாமை. உணவு சுவாசப்பைக்குள் இறங்கித் திரும்பத் திரும்ப நிமோனியா வரும், நிறை குறையும், ஒவ்வொரு தடவையும் ஆள் குழம்பித் தேறுவார், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைவாகத் தேறுவார். சாப்பிடும்போது இருமல், ஈரக்குரல் இருந்தால் நிமிர்ந்து உட்கார்ந்து, முகவாயைத் தாழ்த்தி, தேக்கரண்டி அளவாக ஊட்டுங்கள்.

மூளைக்கே கதிர் கொடுத்தால்?

இங்கே நினைவிழப்பு நேரடியானது. முழு மூளைக்கும் கதிர் கொடுத்து நாலு முதல் ஆறு வாரத்தில் வரும் தூக்கமும் மந்தமும் பெரும்பாலும் தெளியும். ஆறு மாதம் கழித்து வருவது தெளிவதில்லை. இதைக் குறைக்க இரண்டு வழிகள் சோதிக்கப்பட்டுப் பயன் தந்திருக்கின்றன: நினைவைப் பதிக்கும் ஹிப்போகம்பஸ் பகுதியைத் தவிர்த்துக் கதிரைத் திட்டமிடுவது, கதிரோடு மெமன்டின் என்ற டிமென்ஷியா மருந்தைத் தொடங்கி நாளுக்கு 20 மி.கி. வரை ஏற்றி 24 வாரம் கொடுப்பது. கட்டிகள் ஒன்றிரண்டு மட்டும் என்றால் அவற்றுக்கே குறிவைத்த கதிர் போதுமா என்றும் கேட்கலாம். கேட்க வேண்டிய நேரம் கதிர் தொடங்கமுன்.

புரோஸ்டேட் புற்றுக்கு ஆண் ஹோர்மோனைக் குறைக்கப் போடும் மூன்று மாத ஊசி மறதியைக் கொண்டுவருமா?

ஆய்வுகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. சில தொடர்பு காட்டின, சில காட்டவில்லை. ஊசியை நிறுத்தக் காரணமாக அது போதாது. ஆனால் ஆண் ஹோர்மோன் குறையும்போது தசை குறைந்து, வயிறு வைத்து, சீனி ஏறி, இரவில் உடல் கொதித்து நித்திரை கெடுகிறது. இந்த நாலும் மூளைக்குக் கூடாதவை, நாலையும் கவனிக்கலாம்.

இரைப்பை எடுத்தவருக்கு?

பி12. இரைப்பை முழுதாகப் போனால் பி12 ஐ உறிஞ்ச உதவும் காரணியும் போய்விடும். ஈரலில் இருக்கும் இருப்பு இரண்டு முதல் ஐந்து ஆண்டு ஓடும். எல்லாரும் சத்திரசிகிச்சையை மறந்த பிறகுதான் பாதம் மரத்து, நடை தள்ளாடி, மறதி வரும். 1,000 மைக்ரோகிராம் ஊசி, வழக்கமாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஆயுள் முழுக்க. சீனி வருத்தத்துக்கு மெற்ஃபோமின் எடுப்பவருக்கும் பி12 குறையலாம். ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் இரத்தசோகை சரியானதுபோல் தெரியும், நரம்பு தொடர்ந்து கெடும்.

எந்த மருந்துகளைச் சந்தேகிக்க வேண்டும்?

கிளினிக் கொப்பி, பாமசிப் பை, அலுமாரிக்குள் இருக்கும் பழைய குளிசை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைத்தியரிடம் கொண்டுபோங்கள். நரம்பு நோவுக்கான அமிட்ரிப்டிலின், தடிமனுக்கும் கடிக்கும் எடுக்கும் பிரிட்டோன், சத்திக்கான புரோமெதசின், சிறுநீர் அடக்க எடுக்கும் ஒக்சிபியூட்டினின் ஆகியவை ஒவ்வொன்றும் சிறிதாக மூளையை மழுக்கும், சேர்ந்தால் பெரிதாக. நித்திரைக் குளிசையும் அப்படியே. சத்தியை நிறுத்தும் மெற்றோகுளோப்பிரமைட்டை நீண்டநாள் எடுத்தால் உடல் விறைத்து நடுங்கும். மோர்ஃபின் சிறுநீரகம் பழுதானவரிடம் தேங்கும். மலமிளக்கி இல்லாமல் அதைத் தொடங்கவே கூடாது. டெக்சமெதசோனை மத்தியானத்துக்கு முன் கொடுங்கள், இரவில் கொடுத்தால் நித்திரை போகும். வாரக்கணக்கில் எடுத்ததைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

நினைவாற்றல் பரிசோதனையை எங்கே, எப்போது செய்விப்பது?

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் மருத்துவ அல்லது மனநலக் கிளினிக்கில் தொடங்கலாம். கிண்ணியா, மூதூர், குச்சவெளிப் பக்கத்தவர்கள் அருகிலுள்ள வைத்தியசாலையில் கடிதம் வாங்கிக்கொண்டு வாருங்கள். கீமோ ஏற்றிய வாரத்திலோ காய்ச்சலிலோ செய்தால் முடிவு பொய். கண்ணாடி, செவிக்கருவி, பல் எல்லாம் அணிந்திருக்க வேண்டும்.

மொழி மிக முக்கியம். சிங்களத்தில் கேட்ட கேள்விக்குத் தடுமாறிய தமிழ்ப் பெரியவர் டிமென்ஷியா நோயாளி ஆகிவிடுவார். 30 புள்ளிகள் கொண்ட மொக்கா பரிசோதனைக்குத் தமிழ் வடிவம் உண்டு, அதைக் கேளுங்கள். 26 க்குக் குறைந்தால் மேலும் பார்ப்பார்கள். 12 ஆண்டு அல்லது அதற்குக் குறைவாகப் படித்தவருக்கு ஒரு புள்ளி கூட்டுவார்கள். எழுத்தறிவில்லாதவருக்குத் தனி வடிவம் இருக்கிறது.

போகமுன் இரண்டு வாரக் குறிப்பு எழுதுங்கள். "மறக்கிறார்" என்று எழுதினால் பயனில்லை. "ஆயிரம் ரூபாய் கொடுத்து மிச்சம் எண்ணத் தெரியவில்லை", "பள்ளிவாசலிலிருந்து வீட்டுக்கு வழி தவறினார்", "சொதிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டா" என்று திகதியோடு எழுதுங்கள். புற்றுநோய் இருந்தவருக்கு மூளை ஸ்கேன் எடுத்தால் நிறமருந்து ஏற்றி எடுப்பது நல்லது, நிறமருந்து இல்லாத சிற்றி ஸ்கேனில் சிறு பரவல்கள் தப்பிவிடும்.

வாப்பாவுக்கு ஏற்கனவே டிமென்ஷியா. இப்போது குடலில் புற்று. சிகிச்சை கொடுப்பதா?

டிமென்ஷியா என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கவும் கூடாது, புற்று என்ற ஒரே காரணத்துக்காக எல்லாம் செய்யவும் கூடாது. குடல் அடைபட்டால் வரும் நோவு கொடுமையானது. அதைத் தடுக்கும் சத்திரசிகிச்சை நடமாடும் ஒருவருக்கு நியாயம். படுக்கையில், ஆளறியாமல், விழுங்க முடியாமல் இருப்பவருக்கு ஆறுமாதக் கீமோ நியாயமல்ல. வைத்தியரிடம் இப்படிக் கேளுங்கள்: "ஒன்றும் செய்யாவிட்டால் அவருக்கு என்ன கஷ்டம் வரும், எப்போது வரும்?"

வாயால் எடுக்கும் கீமோ என்றால் பொறுப்பு ஒரே ஆளின் கையில் இருக்க வேண்டும். கபெசிற்றபீன் வழக்கமாக 14 நாள் எடுத்து 7 நாள் நிறுத்தும் மருந்து. காலை மாலை, சாப்பிட்டு அரை மணித்தியாலத்துக்குள். மறதிக்காரர் தானே எடுத்தால் இரண்டுதரம் எடுப்பார், ஓய்வு வாரத்திலும் எடுப்பார், அது உயிராபத்து. பூட்டி வையுங்கள், கலண்டரில் கோடு போடுங்கள், தவறிய வேளையை அடுத்த வேளையோடு சேர்க்காதீர்கள், குளிசையை நசுக்காதீர்கள், கையுறை போட்டு எடுங்கள்.

நோவைச் சொல்லத் தெரியாதவரிடம் ஐந்தைப் பாருங்கள்: மூச்சு, முனகல், முகம், உடல் இறுக்கம், தேற்றினால் அடங்குகிறாரா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2, மொத்தம் 10. குளிக்கும்போது அடிக்கிறார் என்றால் பிடிவாதம் என்று முடிவெடுக்கமுன் ஒரு வேளை பரசிற்றமோல் கொடுத்து வித்தியாசம் பாருங்கள், கீமோ நாட்களாக இருந்தால் வெப்பமானி வைத்துப் பார்த்த பிறகு.

வல்லாரை சாப்பிட்டால் மறதி போகுமா?

சம்பலாகச் சாப்பிடுங்கள், தடையில்லை. மறதி போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அடர்த்தியாக்கிய வல்லாரை, மஞ்சள் குளிசைகளைக் கீமோக் காலத்தில் வைத்தியருக்குத் தெரியாமல் எடுக்காதீர்கள். ஈரல் பாதிப்பு அரிதாகப் பதிவாகியிருக்கிறது.

எனக்குப் புற்றுநோய் சுகமாகிவிட்டது. டிமென்ஷியா வராமல் நான் என்ன செய்யலாம்?

2024 இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டு, அவையெல்லாம் இல்லாவிட்டால் உலகின் டிமென்ஷியாவில் சுமார் 45 வீதம் தவிர்க்கப்படலாம் அல்லது தள்ளிப்போகலாம் என்றது. அதிக பங்கு கேள்குறைவுக்கும் கெட்ட கொலஸ்திரோலுக்கும், தலா 7 வீதம். பிறஷர், சீனி, புகைத்தல், மனச்சோர்வு, தனிமை, பார்வைக் குறைவு எல்லாம் அதில் உண்டு. புற்றுநோய்க் கிளினிக்கில் இவற்றைப் பார்க்க நேரமிருக்காது. 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளில் நடக்கும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் பிறஷர், சீனி இலவசமாகப் பார்ப்பார்கள். கண்புரை இருந்தால் எடுத்துவிடுங்கள்.

சிகிச்சையில் இருக்கும்போது நோன்பு பிடிக்கலாமா?

கீமோ ஏற்றும் நாட்களிலும் அதையடுத்த சத்தி நாட்களிலும் வேண்டாம். முன்னொருதரம் குழம்பியவர், சிறுநீரகம் பழுதானவர், காலை மாலை குளிசையும் இன்சுலினும் எடுப்பவர் பிடிக்கவே கூடாது. இடைநாட்களில் உடம்பு தேறியிருந்தால், நோன்புக்கு இரண்டு வாரம் முன்பே மருந்து நேரங்களை சஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்ற முடியுமா என்று கேட்டுக் கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். எந்த அறிகுறி வந்தால் நோன்பை அன்றே திறக்க வேண்டும் என்பதையும் அதே பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.